ஏழு வீட்டுக்குப் போன பலாப்பழம்

வரைபடத்தில் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அம்பரபுரி அதில் இருக்காது. அந்த நாட்டின் நீதிப் பேரவையில் ஏழு நீதிபதிகள் இருந்தார்கள். வழக்காடுபவரிடமிருந்து எந்த நீதிபதி வீட்டுக்காவது ஒரு பொருள் வந்தால், அவர் அந்த வழக்கிலிருந்து விலகிவிட வேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டம்தான், யார் குறை சொல்ல முடியும்?

கீழக்குடிப் பூங்காவனமும் குறை சொல்லவில்லை. மந்திரியின் மைத்துனர் மாளிகை கட்டுவதற்காக அவளூர் ஏரியைத் தூர்க்கக் கிளம்பியிருந்தார். ஏரி போனால் முந்நூறு வீட்டில் உலை கொதிக்காது. ஏழு பேரில் நான்கு பேர் நேர்மையானவர்கள் என்று கேள்விப்பட்டு, அவள் நம்பிக்கையோடு தலைநகருக்கு வந்து வழக்குப் போட்டாள்.

விசாரணைக்கு முதல் நாள், மைத்துனர் ஏழு நீதிபதிகளின் வாசலிலும் ஆளுக்கொரு பலாப்பழம் இறக்கிவைத்தார்.

மறுநாள் மூத்த நீதிபதி அருளாளர் எழுந்தார். "என் வாசலுக்கு ஒரு பழம் வந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன். ஆயினும் வந்தது வந்ததுதான். விலகுகிறேன்."

அவை கைதட்டியது. இன்னும் மூவர் அதையே சொல்லி விலகினார்கள். ஒவ்வொரு கைதட்டலுக்கும் பூங்காவனம் ஒரு விரலை மடக்கி, நேர்மையானவர்களில் ஒருவரைக் கழித்துக்கொண்டாள்.

மீதி மூவர் அசையவே இல்லை. அவர்கள் வாயைத் திறந்தபோதெல்லாம் அவை கமகமத்தது.

"ஐயா, அவங்க மூணு பேருக்கும் பழம் போச்சுங்களே! இங்க வரைக்கும் மணக்குது!" என்றாள் பூங்காவனம்.

அவைச் செயலர் தொண்டையைச் செருமினார். "அம்மணி, திரும்பி வந்த நான்கு பழங்களும் பதிவேட்டில் உள்ளன. மற்ற மூன்றையும் உம்மால் காட்ட முடியுமா?"

"தின்னுட்டா எப்படிங்க காட்டுறது?"

"காட்ட முடியாத பழம், வராத பழம்."

ஏரி மைத்துனருக்கே என்று மூவரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அபிப்பிராய பேதமே இல்லாத தீர்ப்பு என்று பேரவை பூரித்தது. அரசரும் மகிழ்ந்து ஓர் ஆணை பிறப்பித்தார்: "இனி, ஒருமுறைகூட விலகாதவரே தலைமை நீதிபதி ஆகலாம்."

வெளியே அருளாளர் அவளிடம் வந்தார். "வருத்தப்படாதே அம்மா. என் கையில் கறை இல்லை."

"உங்க கை சுத்தந்தான் சாமி, யாரு இல்லேன்னது? எங்க ஏரிக்குத் தீர்ப்பு எழுதத்தான் அதுல ஒரு கையும் கெடைக்கல."

அருளாளர் அந்தப் பேச்சிலிருந்தும் விலகிக்கொண்டு பல்லக்கில் ஏறினார்.