மாப்பிள்ளையின் கட்டளையில் நான் சேர்த்த மூன்று சொற்கள்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். உங்கள் வேலையின் சௌக்கியத்தைப் பற்றித்தான் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நீங்கள் விமானத்தில் இருப்பதால் போனில் கிடைக்கவில்லை. இறங்கியதும் இந்த மின்னஞ்சலை உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

கம்ப்யூட்டரில் நீங்கள் ஒட்டிய சீட்டில் குழப்பமே இல்லை: "மாமா, நாலு மணிக்குள்ள இந்த ஒரு வரிய அடிச்சு என்டர் தட்டுங்க. தேதி பேக்கேஜ் மட்டும் வெளிய போகணும். மத்த நாப்பத்தொண்ணும் அரைகுறையா கிடக்கு. அதுவும் வெளிய போச்சுன்னா என் வேலையும் போச்சு." பேக்கேஜ் என்றால் நீங்கள் எழுதும் மென்பொருள் பொட்டலம், வெளியே போவது என்றால் அதை எல்லாரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிடுவது என்று நீங்களே முன்பு விளக்கியிருக்கிறீர்கள்.

ஆனால் நூலகத்தில் முப்பத்தாறு வருடம் அட்டவணை எழுதியவன் நான். முழுப் பட்டியலையும் பார்க்காமல் எதையும் செய்து பழக்கமில்லை. எனவே காலை ஒன்பது மணிக்கே, அந்தக் கட்டளையின் கடைசியில் இரண்டு சிறு கோடு போட்டுச் சேர்க்கக்கூடிய சொற்களையெல்லாம் கம்ப்யூட்டரின் உதவிப் பக்கத்தைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன், முப்பத்தொன்று வந்தது, அதைப் பார்த்த உங்கள் அத்தை, "ஒரு பட்டனத் தட்டச் சொன்னா உக்காந்து பரீட்சை எழுதுறீங்களே!" என்றாள். பட்டியலில் முதலில் இருந்த சொல் சாதுவாகத் தெரிந்ததால் அதைச் சேர்த்தேன், எதற்கென்று இப்போது நினைவில்லை. அடுத்தது, ஒரு பேக்கேஜை நம்பியிருக்கும் மற்றவற்றையும் கூட்டிக்கொண்டு போகும் சொல். நம்பியிருப்பவர்களை விட்டுவிட்டுப் போவது முறையல்லவே என்று அதையும் சேர்த்தேன். நாற்பத்தொன்றுமே தேதியைத்தான் நம்பியிருக்கின்றன என்று எனக்கு எப்படித் தெரியும்? கடைசியில் கம்ப்யூட்டர் "நிச்சயமா?" என்று கேட்கும் என்று அந்த உதவிப் பக்கத்தில் எழுதியிருந்தது. மாப்பிள்ளை, அந்தக் கேள்விக்கு நான் வாழ்க்கையில் பதில் சொன்னதே இல்லை. கேட்காமலே ஆமாம் என்று எடுத்துக்கொள்ள ஒரு சொல் இருந்தது. அதையும் சேர்த்துத் தட்டிவிட்டேன். நாற்பத்திரண்டு பெயர்கள் மளமளவென்று ஓடின. "ஏங்க, மூஞ்சி ஏன் வெளுத்துப்போச்சு?" என்றாள் அத்தை.

உங்கள் மேலதிகாரிக்கு மன்னிப்புக் கடிதம் எழுதத் தயாராக இருக்கிறேன். மூன்று நகல் எடுக்கிறேன். நீங்களும் என் மகளும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே இந்த நிலையிலும் என் ஆசி.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: மேலே உள்ள மன்னிப்பைத் திரும்பப் பெறுகிறேன். மகளை ஆபீசில் போனில் பிடித்தேன். திரையின் கடைசி வரியைப் படிக்கச் சொன்னாள், படித்தேன், சிரித்தாள். "அப்பா, அந்த முதல் சொல் வெறும் ஒத்திகைக்கு. ஒண்ணுமே வெளிய போகலை. அத மட்டும் எடுத்துட்டு மறுபடி தட்டுங்க, மீட்டிங்குக்கு நேரமாச்சு" என்று வைத்துவிட்டாள். மணி மூன்று ஐம்பத்தைந்து. அவள் சொன்னபடியே அதை மட்டும் எடுத்தேன், மற்ற இரண்டையும் தொடவில்லை. நாற்பத்திரண்டு பெயர்களும் மறுபடி ஓடின. இந்த முறை ஒத்திகை என்று எங்கும் காணோம். எனவே, மாப்பிள்ளை, கடிதத்தை மறுபடியும் முதலிலிருந்து படிக்கவும்.