தடிமனுக்குப் பயந்த கார்

இலங்கைத் தீவு முழுக்கத் தேடினாலும், தன் காருக்குத் தடிமன் பிடித்து மூக்கு ஒழுகும் என்று பயந்து அதற்குக் கம்பளித் தொப்பி போட்ட மனிதர் ஒருவர்தான் அகப்படுவார். அவர் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் இருக்கிறார்.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. எங்கள் ஊரான ஒட்டுசுட்டானில் இறங்கி அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. "மூசல் அண்ணை வீடு எது?" என்று கேட்டால், படுத்திருக்கிற நாய்கூட எழும்பிக் கொண்டுபோய் விடும். ஓடிக் களைத்த எருமை மூசுவதுபோல அவருடைய கார் மூசும். அதனால் அந்தப் பெயர்.

பிள்ளைகளே, கார் ஏன் மூசுகிறது என்று கேட்பீர்கள். நான் சாதாரண தரம் வரைக்கும் படித்தவன். எனக்கு விளங்கின மாதிரிச் சொல்கிறேன். காரும் எங்களைப் போல மூச்சு இழுக்கும். அதற்கென்று பொனட்டுக்குள் உயரத்தில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். காற்று அதற்குள் போய், தூசி வடிந்து, எஞ்சினுக்குப் போகும். அந்தப் பெட்டியை யாரும் பார்ப்பதும் இல்லை, புகழ்வதும் இல்லை. மூசல் அண்ணையுடைய பழைய வெள்ளைக் காரிலும் அப்படி ஒரு பெட்டி சத்தம் போடாமல் வேலை செய்துகொண்டுதான் இருந்தது, கனடாவில் இருக்கும் அவருடைய மச்சான் பார்சல் அனுப்பும் வரைக்கும்.

பார்சலுக்குள் மினுங்குகிற குழாய் ஒன்று. அதன் நுனியில் சிவப்பாக, வாழைப்பூப் பொத்தி மாதிரி ஒரு ஃபில்டர். அதைப் பம்பருக்குப் பின்னால், ரோட்டுக்குக் கிட்டத் தாழ்வாகப் பூட்ட வேண்டும். அங்கேதான் குளிர்ந்த காற்று இருக்குமாம். குளிர்ந்த காற்றைக் குடித்தால் எஞ்சினுக்குப் பலம் கூடுமாம்.

"அண்ணை, எங்கட வெயிலுக்கு ரோட்டில ஏது குளிர்ந்த காத்து?" என்று கேட்டேன்.

"தம்பி, விஞ்ஞானத்தோட பகிடி விடாதை" என்றார்.

பழைய கறுப்புப் பெட்டியைக் கழற்றி வேலியடியில் எறிந்தார். அவருடைய மனைவி பூமணி அக்கா ஓடி வந்தார்.

"கம்பனிக்காரன் விசரனோ? தேவையில்லாமலோ இதை வைச்சவன்?"

"இந்தப் பெட்டி திரும்ப என்ர காருக்குள்ள ஏறினால், நான் மீசையை எடுக்கிறன்!"

ஊரே கேட்கத்தான் சொன்னார். மூசல் அண்ணையின் மீசை சாதாரண மீசை இல்லை. பேசும்போது அது தனியாகப் பேசும். பூமணி அக்கா வேலியடிக்குப் போனார். பெட்டியை எடுத்துக் கழுவி, வைக்கோல் போட்டு, தன் வெள்ளைக் கோழிக்கு முட்டையிட வைத்துவிட்டார். பெட்டிக்குள் இருந்த மடிப்பு மடிப்பான காகித ஃபில்டரையும் விடவில்லை. அதைக் குசினிச் சுவரில் கொழுவி, மடிப்புக்குள் கரண்டிகளைச் செருகினார். குழாய் வந்த அட்டைப் பெட்டியையோ, உள்ளே பஞ்சு மெத்தை வைத்தது என்று சொல்லி, மூசல் அண்ணை அலுமாரிக்குள் பூமணி அக்காவின் கூறைச் சேலைக்கு மேலே வைத்துப் பூட்டினார்.

கோடை முழுக்கக் கார் மூசியது. ஒருநாள் பின்னேரம் எங்கள் வாழைத் தோட்டத்துக் கரைக்கு யானை வந்துவிட்டது. வெடி கொளுத்தியும் போகவில்லை. "காரைக் கொண்டாங்கோ அண்ணை, மூசவிட்டுக் கலைப்பம்" என்றார்கள். மூசல் அண்ணை பெருமையோடு வந்து எஞ்சினை முறுக்கினார். யானை காதை ஆட்டி ஆட்டிக் கேட்டது. பிறகு இரண்டு அடி கிட்ட வந்தது.

"சொந்தக்காரர் எண்டு நினைச்சிட்டுது போல" என்று யாரோ சொல்ல, மூசல் அண்ணை பின்னோக்கி ஓட்டிய வேகத்தில் அந்தக் கார் முன்னோக்கி ஒருநாளும் ஓடியதில்லை.

பிறகு மாரி வந்தது.

மச்சானோடு தொலைபேசியில் கதைத்தார். கனடாவில் விண்டர் வந்தால் ஃபில்டருக்கு உறை போட்டுவிடுவார்கள் என்று மச்சான் சொன்னாராம். "எங்கட விண்டர் மாரிதானே" என்று மூசல் அண்ணை முடிவெடுத்து, நுவரெலியாவில் வாங்கிய தன் கம்பளித் தொப்பியை, காது மூடியோடு, ஃபில்டருக்கு மாட்டிக் கழுத்தில் நாடாவும் கட்டினார். கனடாவில் பனி கொட்டும், தட்டிவிட்டால் போய்விடும். எங்களுடைய மழை அப்படியா? தொப்பி நனைந்து, ஊறி, மாங்குளம் ரோட்டில் கார் மூச்சுத் திணறி நின்றது. தொப்பியைக் கழற்றினார். உள்ளே இருந்து ஒரு தவளை, வாடகை வீட்டை விட்டுப் போகிறவர் மாதிரி, அவசரமில்லாமல் இறங்கிப் போனது.

அன்றைக்குத்தான் மாங்குளத்து மெக்கானிக் ஒருவர் அவருக்கு உண்மையைச் சொன்னார். ஈரம் பட்டால் கார் நிற்கும், அவ்வளவுதான். ஆனால் ஃபில்டர் தண்ணீருக்குள் தாழ்ந்தால், எஞ்சின் காற்றுக்குப் பதிலாகத் தண்ணீரை உறிஞ்சும். உறிஞ்சினால் எஞ்சின் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். காரை வைத்து வாடகைக்கு ஓடிப் பிழைப்பவருக்கு அதைவிடப் பெரிய பயம் வேண்டுமா?

வேறு ஒருவரென்றால் குழாயைக் கழற்றியிருப்பார். மூசல் அண்ணை தன் காலை அளந்தார். ஃபில்டரின் அடி எந்த உயரத்தில் இருக்கிறதோ, அந்த உயரத்தில் தன் கெண்டைக்காலில் பேனாவால் ஒரு கோடு கீறினார். வெள்ளம் நிற்கிற இடமெல்லாம் காரை நிறுத்துவார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி நடப்பார். கோட்டுக்குக் கீழே தண்ணீர் நின்றால் வந்து காரை எடுப்பார். கோடு அழிந்து அழிந்து போனதால் பிறகு ஒரு கறுப்புக் கயிற்றைக் கட்டிக்கொண்டார்.

"ஆரடா உனக்குச் செய்வினை செய்தது?" என்று கோயிலடியில் ஒரு கிழவர் பதறிக் கேட்டார்.

"செய்வினை இல்லை அப்பு, ஃபில்டர்."

கிழவர் அதையும் ஏதோ ஒரு பேயின் பெயர் என்று நினைத்துத் திருநீறு பூசிவிட்டார்.

அந்த மாரியில் அவருடைய காரில் போவதென்றால், அவர் முன்னால் நடப்பார், நாங்கள் உள்ளே இருப்போம். ஒருமுறை எங்களைக் கடந்து நடந்துபோன ஒரு அம்மா, "கார் பழுதோ, இல்லாட்டி ஊர்வலமோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இதையெல்லாம் பார்த்த நான் கலண்டரில் நாளை எண்ணத் தொடங்கினேன். காரணம், என் மூத்த மகள் சுமதிக்கு அந்த மாரியில்தான் பல்கலைக்கழகம் போவதற்கான உயர்தரச் சோதனை. சோதனை நிலையம் முள்ளியவளையில். மழைக்கு பஸ் வரும், வராது. என்னிடம் இருந்தது சைக்கிள் ஒன்று. மூசல் அண்ணை தானாகவே வீட்டுக்கு வந்து, "பஸ்ஸைப் பாத்துக்கொண்டு நில்லாதை தம்பி. பிள்ளையை நான் கொண்டுபோவன்" என்று சொல்லியிருந்தார். மறுக்க முடியாது. சொன்னால் சொன்னதுதான். ஆனால் இந்த நடையில் போனால் அவள் அடுத்த வருடச் சோதனைக்குத்தான் போய்ச் சேருவாள்.

முதல் நாள் சோதனை. விடிய எழும்பிப் பார்த்தால், குளம் நிரம்பி வழிந்து வான் பாய்கிறது. எங்கள் ஒழுங்கைக்கும் பெரிய ரோட்டுக்கும் நடுவில் இருக்கும் தாழ்ந்த பாலத்துக்கு மேலால் தண்ணீர் ஓடுகிறது. ஊரில் இருந்த ஒரே உழவு இயந்திரம் வயல் சேற்றில் புதைந்து கிடந்தது. பஸ் இல்லை என்று செய்தியும் வந்துவிட்டது.

சுமதி வெள்ளைச் சீருடையோடு, அனுமதி அட்டையைப் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு காருக்குள் இருந்தாள். மூசல் அண்ணை பாலத்தடியில் இறங்கினார். நாங்கள் எல்லோரும் அவருடைய காலைப் பார்த்தோம். கறுப்புக் கயிறு தண்ணீருக்குள் போனது. இன்னும் நடந்தார். நாலு விரல் அளவு கயிறு தாழ்ந்துவிட்டது. அப்படியே நின்றார்.

"தள்ளிக் கடத்துவம் அண்ணை, எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு" என்றேன்.

"இதைத் தள்ளலாம். அங்கால வழி முழுக்க இப்பிடித்தானே நிக்கும்? முள்ளியவளை வரைக்கும் தள்ளுவியோ?"

சுமதி அழவில்லை. யன்னலால் தலையை நீட்டி, "பெரியப்பா, பரவாயில்லை. நான் அடுத்த வருசம் எழுதுறன்" என்றாள்.

அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அழுதிருந்தாலாவது சமாளித்திருப்பார். காரைப் பின்னுக்கு எடுத்து, தன் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். பொனட்டைத் திறந்தார். ஸ்பனரை எடுத்து அந்த மினுங்கல் குழாயைக் கழற்றத் தொடங்கினார்.

"பூமணி! அந்தக் கறுப்புப் பெட்டியைக் கொண்டா!"

"அதுக்க கோழி அடை கிடக்குது."

"கோழியை எழுப்பு!"

"எழுப்பினால் முட்டை குளிர்ந்து போகும். குஞ்சு பொரிக்கிற நேரம் இது. நீங்கள் எறிஞ்சீங்கள், நான் எடுத்தன். இப்ப அது கோழியின்ர வீடு."

"பிள்ளையின்ர சோதினையப்பா!"

பூமணி அக்கா காருக்குள் இருந்த சுமதியைப் பார்த்தார். முகம் மாறியது. ஆனால் அவரும் மூசல் அண்ணையோடு இவ்வளவு காலம் குடும்பம் நடத்தியவர்.

"சரி. கோழிக்கு இதைவிட நல்ல வீடு குடுங்கோ. அலுமாரிக்குள்ள இருக்கிற அந்தப் பஞ்சுப் பெட்டி."

மூசல் அண்ணையின் மீசை இரண்டு பக்கமும் துடித்தது. நான் மழையைப் பார்த்தேன். அவர் உள்ளே போனார். அலுமாரிக் கதவு கிறீச்சிட்டது. கனடாவில் இருந்து வந்த அந்தப் பெட்டியைக் கைக்குழந்தையைத் தருவதுபோல இரண்டு கையாலும் பூமணி அக்காவிடம் நீட்டினார்.

பூமணி அக்கா முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேலை மடிக்குள் எடுத்தார். கோழி மூசல் அண்ணையின் கையைக் கொத்தியது, மூக்கைக் கொத்தியது, பிறகு பொதுவாகக் கொத்தியது. கடைசியில் பஞ்சு மெத்தையில் முட்டைகளைக் கண்டதும், சுற்றிப் பார்த்து, உடம்பைப் பரத்தி, ராசாத்தி மாதிரி இருந்துவிட்டது. நான் குசினிக்குள் ஓடி, சுவரில் இருந்த ஃபில்டரிலிருந்து கரண்டிகளை உருவி, அதைக் கொண்டுவந்து கொடுத்தேன். மூசல் அண்ணை வைக்கோலைத் தட்டி, துடைக்க முடிந்ததைத் துடைத்து, கறுப்புப் பெட்டியைப் பழைய இடத்தில் உயரமாகப் பூட்டினார்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்தார். சத்தமே இல்லை. பூனை மாதிரி நின்றது.

"ஓடுதோ?" என்று நான் கேட்டேன்.

"ஓடுது" என்றார். செத்த வீட்டில் பேசுகிற குரல்.

நானும் ஏறிக்கொள்ள, கார் பாலத்தடித் தண்ணீருக்குள் இறங்கியது. பம்பர் வெள்ளத்தைப் பிளந்தது. எஞ்சின் ஒருமுறைகூட இருமவில்லை. அங்கால் கரை ஏறியதும் சுமதி அவசரமாக ஒரு கொப்பியைத் திறந்தாள். பிறகு தலையை நிமிர்த்தி வெளியே பார்த்தாள். முன்னால் இன்னும் ஒரு இடத்தில் வெள்ளம்.

"பிள்ளை, நீ படிச்சதை நினை. தண்ணியை நான் பாக்கிறன்" என்றார் மூசல் அண்ணை.

வழி முழுக்க வெள்ளம் வந்தது. அவர் ஒரு இடத்திலும் இறங்கவில்லை. சோதனை நிலையத்தின் கேற்றைச் சாத்தப் போகிற நேரம் போய்ச் சேர்ந்தோம். சுமதி ஓடினாள். பின்னால் மூசல் அண்ணையும் அனுமதி அட்டையின் பொலித்தீன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அட்டை அவள் கையில்தான் இருந்தது. பை வெறும் பை. தலையில் கோழி இறகு, மூக்கில் இரத்தம், சட்டையெல்லாம் கோழி எச்சம். காவலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்களுக்கும் சோதினையோ ஐயா?"

"எனக்கு முடிஞ்சுது" என்றார்.

சோதனை முடியும் வரைக்கும் அவர் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

அடுத்த நாள் காலை கார் வந்து எங்கள் வாசலில் நின்றது. ஓட்டி வந்தவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. "ஆர் நீங்கள்?" என்றே கேட்டுவிட்டேன். மீசை இருந்த இடம் வெளிறிப்போய், முகம் உரித்த கிழங்கு மாதிரி இருந்தது.

"சொன்னால் சொன்னதுதான் தம்பி" என்றார். "பிள்ளையைக் கூப்பிடு."

குஞ்சுகள் நல்லபடி பொரித்தன. கோழி அந்தப் பஞ்சுப் பெட்டியை விட்டு இறங்க மறுத்துவிட்டது. கோடை வந்ததும் மூசல் அண்ணை திரும்பக் குழாயைப் பூட்டினார், மீசையையும் வளர்த்தார். மாரி வந்ததும் கறுப்புப் பெட்டி ஏறியது, மீசை இறங்கியது. வருடா வருடம் இதுதான் நடக்கிறது. இப்போது எங்கள் ஊரில் விதைப்புக்கு நாள் பார்க்கிறவர்கள் வானொலிச் செய்தி கேட்பதில்லை. அவருடைய மேலுதட்டைப் பார்க்கிறார்கள்.

சுமதி இப்போது யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். வீட்டுக்கு வருவதற்கு முன்னம் தொலைபேசி எடுத்து, "அப்பா, பெரியப்பாவின்ர மீசை நிக்குதோ?" என்றுதான் கேட்பாள். நின்றால் குடை தேவையில்லை.

நாளைக்கு அவள் ரயிலில் மாங்குளம் வருகிறாள். கூட்டிவரப் போகிறவர் யாரென்று சொல்லத் தேவையில்லை. இந்த வருடம் மாரி பிந்திவிட்டது. வானத்தில் பஞ்சளவு முகில் இல்லை. ஒழுங்கையெல்லாம் புழுதி பறக்கிறது. இன்று காலை மூசல் அண்ணை வேலிக்கு அங்கால் நின்று காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். மீசை இல்லை.

"என்னண்ணை, மழை எங்க?" என்று கேட்டேன்.

வெறும் உதட்டைத் தடவிக்கொண்டு, மேலே அந்தச் சுத்தமான நீலத்தைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"மழையை நம்பேலாது தம்பி. பிள்ளை வருதெல்லோ."