முதல் பக்கம், அஞ்சாவது பாட்டு

என் பேச்சைத் தவிர ஊரில் எல்லார் பேச்சையும் கேட்கும் அருமைத் தம்பிக்கு, உன்னுடைய ஒரே அக்கா, லாண்டரிக் கடை மேசையில் நனையாத மூலையாகப் பார்த்து உட்கார்ந்து எழுதுவது.

இங்கே நான், உன் மாமா, உன் மகள் மூணு பேரும் சுகம். பெரிய வாஷிங் மெஷினுக்கு மட்டும் சுகமில்லை, அதைக் கீழே விவரமாக எழுதுகிறேன். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? உன் கோபத்தைப் பற்றி நான் விசாரிக்கவில்லை. அது வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்ல திடகாத்திரமாக இருப்பதாக உன் வீட்டுக்காரியே சொன்னாள்.

"போன்ல சொன்னா நீ சிரிச்சே மழுப்பிடுவே, எழுதி அனுப்பு" என்று நீ உத்தரவு போட்டதால் இந்தக் கடிதம். அஞ்சாம் கிளாஸோடு நின்ற கை, எழுத்து கோணலாக இருந்தால் காகிதத்தைச் சாய்த்து வைத்துப் படித்துக்கொள். நீ சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீ அலைந்து திரிந்து வாங்கிக் கொடுத்த பேங்க் வேலையை விட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் இசை செய்கிறேன் என்று உன் மகள் என் கடை மாடி அறையில் வந்து உட்கார்ந்துவிட்டாள். "அவள் செய்தது பாட்டுதான் என்று அக்கா கேட்டுச் சொன்னால் மகளோடு பேசுவேன், இல்லையென்றால் சாத்தின கதவு சாத்தினதுதான்." இதுதானே நீ சொன்னது? எனக்கு இசை தெரியும் என்பதற்காக நீ இதை என்னிடம் விடவில்லை. நான் ஒரு பக்கம் சாயமாட்டேன், அப்பனையும் மகளையும் சமமாகக் கிண்டல் பண்ணுவேன் என்றுதானே? சரி, கேட்டுவிட்டேன். சொல்கிறேன்.

முதலில் சரக்கு என்னவென்று தெரிஞ்சுக்கோ. இது ஒருத்தர் பண்ணினது இல்லை. ஊருக்கு ஒருத்தரா பத்துப் பன்னிரண்டு பிள்ளைங்க, ஆளுக்கு ஒண்ணு செஞ்சு, எல்லாத்தையும் ஒரே தொகுப்பாப் போட்டிருக்காங்க. பின்னால கம்பெனி கிடையாது. அவங்களே செஞ்சு, அவங்களே அட்டை போட்டு, அவங்களே விக்கிறாங்க. நம்ம லாண்டரி மாதிரிதான், முதலாளியும் நாமதான், வேலைக்காரியும் நாமதான். அதுவும் எதுல தெரியுமா? கேசட்டுல! நாம தூக்கிப் போட்டதெல்லாம் இப்ப நாகரிகமாம். அட்டையில எறும்பு சைஸுக்கு ஏதோ இங்கிலீஷ், எனக்கு ஒண்ணும் புரியல. "என்னோடது முதல் பக்கத்துல அஞ்சாவது அத்தை, முதல்லேருந்து கேளு, நடுவுல பேசக்கூடாது"னு சொல்லிட்டு உன் மகள் வெளியே போயிட்டா.

மத்தியானம் கூட்டம் குறைஞ்ச நேரமாப் பார்த்து, பழைய டேப் ரிக்கார்டரைத் தூசி தட்டி அலமாரி மேல வச்சுப் போட்டேன். முதல் பாட்டு 'ம்ம்ம்ம்'னு ஆரம்பிச்சுது. சரி, சுருதி சேர்க்கிறாங்க போலன்னு காத்திருந்தேன். ரெண்டு சட்டைக்கு இஸ்திரி போட்டேன், காலர் உள்பட. அப்பவும் 'ம்ம்ம்ம்'. முடிஞ்சப்புறம்தான் தெரிஞ்சுது, அதுதான் பாட்டு. குறை சொல்ல மாட்டேன் தம்பி. யாரோ பக்கத்துல உட்கார்ந்து நாம சொல்றதுக்கெல்லாம் உம் கொட்டுற மாதிரி இருந்துச்சு. கல்யாணம் ஆனதுலேருந்து எனக்கு யாரும் அவ்வளவு நேரம் உம் கொட்டினதில்லை.

ரெண்டாவது 'டக்கு டக்கு கிர்ர்ர்'. பின்கட்டுல சாப்பிட்டுக்கிட்டிருந்த உன் மாமா, கையைக்கூடக் கழுவாம "ஐயோ, பேரிங் போச்சு!"னு ஓடி வந்து, லாட்ஜ் படுக்கை விரிப்பெல்லாம் சுத்திக்கிட்டிருந்த பெரிய மெஷினை நிறுத்தினார். மெஷின் நின்னுச்சு, சத்தம் நிக்கல. வேற ஆளா இருந்தா சத்தம் எங்கேருந்து வருதுன்னு திரும்பிப் பார்ப்பான். உன் மாமா, "கரண்ட்டைப் புடுங்கியும் உள்ள சுத்துதுடி, இது பெரிய கோளாறு"னு ஸ்பேனரை எடுத்துக்கிட்டுப் பின்மூடியைக் கழட்ட ஆரம்பிச்சுட்டார். நான் சொல்லலாம்னுதான் இருந்தேன். ஆனா நடுவுல பேசக்கூடாதுன்னு உன் மகள் சொல்லியிருக்காளே. மூடி வந்துச்சு, அதுக்குப் பின்னால ஒரு குழாய் வந்துச்சு, அதுக்குப் பின்னால தண்ணி வந்துச்சு. சோப்புத் தண்ணி மேசைக்கு அடியில புகுந்து, கல்லாப் பெட்டி பக்கமாத் திரும்பி, வாசப்படி இறங்கி, தெருவுல போற சைக்கிள்காரனை இறங்கி நடக்க வச்சுது. அந்த நேரம் பார்த்துப் பாட்டும் முடிஞ்சுது. உன் மாமா தலையிலேருந்து நுரை ஒழுக நிமிர்ந்து, "பார்த்தியா, சரி பண்ணிட்டேன்"னார். அந்த முகத்துல இருந்த பெருமையை நான் ஏன் கெடுக்கணும்?

நான் ஸ்டூல் மேல காலைத் தூக்கி வச்சுக்கிட்டு மேற்கொண்டு கேட்டேன். எண்ணிக்கை தப்பக்கூடாதுன்னு, ஒவ்வொரு பாட்டு முடியறப்பவும் ஒரு டோக்கனை இந்த ஆணியிலேருந்து அந்த ஆணிக்கு மாத்தினேன். கடையில அதுதானே வழக்கம், மெஷின் சத்தம் ஓய்ஞ்சா ஒரு மூட்டை முடிஞ்சுது, டோக்கன் மாறும். மூணாவது பாட்டு தகரத்துல மழை பேஞ்ச மாதிரி இருந்துட்டு சட்டுனு முடிஞ்சுது. நாலாவதும் கிட்டத்தட்ட அதே மழை. பரீட்சையில ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதிட்டாங்க போலன்னு நினைச்சுக்கிட்டேன்.

அப்புறம் அஞ்சாவது. அந்த நேரம் லாட்ஜ் மேனேஜர் விரிப்பு வாங்க வந்து, செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டுத் தண்ணிக்கு நடுவுல நின்னார். சிரிச்சே பழக்கமில்லாத மனுஷன். தாளம் ஆரம்பிச்சுது, தாளத்துக்கு மேல ஒரு ஆம்பளைக் குரல். "உனக்கு என்ன குறை வச்சேன்... என்ன குறை... என்ன குறை..." எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. குரலைக் கம்ப்யூட்டர்ல போட்டுக் கடைஞ்சிருக்காங்க, கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு. ஆனா பேச்சு யார் பேச்சு? என் தம்பி பேச்சு! "நாலு பேர் என்ன சொல்வாங்க... நாலு பேர்... நா-நா-நா-நாலு பேர்..." முன்னால நீ போன்ல கத்தினப்போ உன் மகள் பதிவு பண்ணி வச்சிருப்பான்னு உடனே புரிஞ்சுபோச்சு.

மேனேஜர் காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்டார். "யாரும்மா அந்த நாலு பேர்?"

"அது அவனுக்கே தெரியாதுங்க. சின்ன வயசுலேருந்து தேடிக்கிட்டிருக்கான்."

"பாவம், இவ்வளவு பேசறார், ஒருத்தரும் பதில் சொல்லலையே?"

உடனே உன் மாமா நுரையோட எட்டிப் பார்த்து, "என் மச்சினன்தாங்க. நேர்ல திட்டும்போது எங்களுக்கு எரிச்சலா வரும். இப்படித் தாளத்தோட திட்டினா எவ்வளவு நல்லாயிருக்கு பாருங்க"ன்னார். பார்த்தா மேனேஜர் கால் தண்ணிக்குள்ள தாளம் போடுது, சளக் சளக்னு. "ஈரமாவே குடுங்கம்மா, நாங்க காயப்போட்டுக்கறோம்"னு விரிப்பை வாங்கிட்டுப் போயிட்டார். தம்பி, அந்த மனுஷனை இவ்வளவு இளக்கினது உன் வசவு. நான் உடனே டேப்பை நிறுத்திட்டேன், இதுக்கு மேல கேட்கறதுக்கு என்ன இருக்கு?

ஆகவே என் தீர்ப்பு. இது பாட்டுதான். நல்ல பாட்டு. மத்த வீட்டுல பிள்ளைங்க அப்பன் திட்டினதை இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுடும். உன் மகள் ஒரு வார்த்தை கீழே சிந்தாம எடுத்துக் கோர்த்து வச்சிருக்கா. குரல் ஊர் ஊராப் போகுதேன்னு கோபப்படாதே, முகம் வரலை, அது எல்லாருக்குமே நல்லது. நீ வாக்குக் குடுத்தபடி மகளோட பேசணும், மாறக்கூடாது.

உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு, உன் முட்டிக்கு என் அனுதாபம், உனக்கு உன் வயசுக்கு மீறின என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
பாட்டுக் கேட்டுக் கடையை நனைத்த உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டறதுக்குள்ள உன் மகள் வந்துட்டா. கடிதத்தை வாசிச்சுக் காட்டினேன். சிரிச்சுச் சிரிச்சு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்துட்டா. அது அவ பாட்டே இல்லையாம். மூணாவது பாட்டு நடுவுல நின்னு மூச்சு வாங்கிட்டு மறுபடி போகுமாம், நான் அதை ரெண்டா எண்ணிட்டேன். மெஷின் தண்ணி மாத்த நிக்கிறதை இத்தனை வருஷம் பார்த்தவளுக்கு இது தோணலை பாரு. திட்டினது யாரோ ஒரு பையனோட அப்பாவாம், நான் கண்ணால கூடப் பார்த்ததில்லை. அப்பன்மார் எல்லாரும் வசவை ஒரே கடையில வாங்குவீங்க போல. அதனால மேலே எழுதின தீர்ப்பை அந்த அப்பாவுக்கு எழுதினதா வச்சுக்கோ.

அவளோடதை அப்புறம் போட்டுக் காட்டினா. அடியில நம்ம பெரிய மெஷின் சத்தம் மெதுவாச் சுத்துது. அதுக்கு மேல ஒரு மணி. நாம யாரையாவது போன்ல கூப்பிட்டா நம்ம காதுக்குள்ள அடிக்குமே, அந்த மணி. அடிக்குது, அடிக்குது, நின்னுபோகுது. திரும்ப அடிக்குது. முழுக்க அவ்வளவுதான். உன் மாமா ஸ்பேனரைக் கீழே வச்சுட்டார். "ஏண்டி, அந்தப் பையன் அவன் அப்பா குரலை வச்சிருக்கானே, உன் அப்பா குரல் எங்கே?"ன்னு கேட்டேன்.

"அப்பா எடுத்தாத்தானே அத்தை"ன்னா.

இது பாட்டா இல்லையான்னு எனக்குச் சொல்லத் தெரியல தம்பி. ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூப்பிடுவாளாம். எடுத்துத் திட்டு.