பல் டாக்டர் இருக்கிறார், இல்லை, இருக்கிறார்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே வீட்டுக்காரரும் மகளும் சௌக்கியம். நானும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை. போனில் சொன்னால் பாதியிலேயே ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் இந்தக் காகிதம். வேலையை விடப் போகிறேன். உன் விளக்குக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்து நாற்காலியை எனக்கு வைத்திரு.

இணையப் பக்கங்கள் செய்துதான் என் பிழைப்பு ஓடுகிறது என்பது உனக்குத் தெரியும். இத்தனை வருடமும் திரையில் ஓர் எழுத்து சிவப்பாக வேண்டுமென்றால் நேரே போய்ச் சிவப்பாக்குவேன், அது சிவப்பாகவே கிடக்கும். இப்போது ஆபீசில் ஃபிரேம்வொர்க் என்று, பக்கம் கட்டுவதற்கான புது மென்பொருள் ஒன்றைக் கொண்டுவந்து எல்லாரும் படித்தாக வேண்டும் என்றுவிட்டார்கள். இதில் பக்கம் ஒரே முறைதான் வந்து சேரும், அதற்கப்புறம் எல்லாக் கூத்தும் பார்ப்பவருடைய பிரௌசருக்குள்ளேயே நடக்கும். எங்கள் டீம் லீடர், என் மகளைவிடக் கொஞ்சம்தான் பெரியவள், மூச்சுக்கு மூச்சு, "ஸ்கிரீனைத் தொடாதீங்க அக்கா, ஸ்டேட்டை மாத்துங்க, ஸ்கிரீன் தானா மாறிக்கும்" என்பாள். ஸ்டேட் என்றால் உள்ளே இருக்கிற நிலவரம். தலையை ஆட்டிவிட்டு, பழக்கதோஷத்தில் திரையைத்தான் தொடுவேன்.

பல் டாக்டர் ஒருவருக்கு முன்பதிவுப் பக்கம் செய்தேன். அவர் விடுமுறை என்றால் மேலே 'டாக்டர் இல்லை' என்று வர வேண்டும். திரையில் நேரே எழுதினேன். திரை மூலையில் இருக்கிற கடிகாரம் நகரும்போதெல்லாம் ஃபிரேம்வொர்க் பக்கத்தை மறுபடி வரைந்து 'டாக்டர் இருக்கிறார்' என்று போட்டது. அதன் நிலவரப்படி அவர் இருக்கிறாராம். விடுவேனா? என் வரியைத் திரும்பத் திரும்ப எழுத ஒரு டைமர் வைத்தேன். டாக்டர் பக்கத்தைப் பார்க்க ஆபீசுக்கு வந்த அன்று திரையில் இருக்கிறார், இல்லை, இருக்கிறார், இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நான் இருக்கேனா, இல்லையா? எதுவா இருந்தாலும் தைரியமா சொல்லுங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, பாத்ரூமில் போய் அழுதேன். நான் கைவைக்கிற இடத்தையெல்லாம் ஒன்று வந்து துடைத்துவிட்டுப் போனால், இங்கே நான் எதற்கு என்று தோன்றாதா அண்ணா? வெள்ளிக்கிழமை அவர் மறுபடி வருகிறார். அப்போதும் சொதப்பினால் பக்கம் வேறொருவர் கைக்குப் போய்விடும். அதற்குள் நானே கிளம்பிவிடுகிறேன்.

உன் கடையில் இந்த வம்பெல்லாம் கிடையாது. பல்பை யாரும் போய்த் தொட்டு எரிய வைப்பதில்லை. சுவிட்சைத் தட்டினால் எரிகிறது, மறுபடி தட்டினால் அணைகிறது.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாக இருக்க அத்தையின் ஆசி.

இப்படிக்கு,
நாற்காலிக்குக் காத்திருக்கும் தங்கை

பி.கு.: உறையை ஒட்டுமுன் ஒருமுறை படித்தேன். சுவிட்ச் என்ற இடத்தில் கண் நின்றுவிட்டது. எழுந்து போய்க் கம்ப்யூட்டரைத் திறந்து, டைமரைத் தூக்கிப் போட்டுவிட்டு, டாக்டர் விடுமுறை என்று உள்ளே நிலவரத்தில் மட்டும் மாற்றினேன். மேலே, கீழே, முன்பதிவுப் பொத்தானில், எல்லா இடத்திலும் தானாக மாறிவிட்டது. கடிகாரம் ஓடியும் அசையவில்லை. ஆகவே நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடு. கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் நீ போனில் கேட்கும்போதெல்லாம் நான் சொல்கிற "நல்லா இருக்கேன்" இருக்கிறதே, அதுவும் திரையைத் தொடுகிற வேலைதான். என் நிலவரம் மேலே கடிதத்தில் இருக்கிறது. படித்துவிட்டுக் கூப்பிடு அண்ணா. பாதியில் ஆறுதல் சொன்னால் இந்த முறை தடுக்க மாட்டேன்.