மொன்றுவல் ஊர்ச் சங்கம், ஒஸ்லோ கிளை

போறணையரை மிஞ்சிய ஊர்ப்பற்றாளர் ஒஸ்லோவில் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஊர்ப்பேரைச் சொல்லி அடிபட்டவர்களை, ஊர்க் கோயிலுக்கு மணி வாங்கி அனுப்பியவர்களை, ஊர்க்காரன் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவனுக்கு மகளைக் கட்டிக் கொடுத்தவர்களை எல்லாம் அங்கே பார்த்திருக்கிறேன். ஒருவரும் போறணையருக்குக் கிட்ட நிற்கமாட்டார்கள். ஒரேயொரு சிக்கல்தான். அவருடைய ஊர் பிரான்சில் இருந்தது.

பாண் என்கிற ரொட்டி சுடுகிற பெரிய அடுப்பை யாழ்ப்பாணத்தில் போறணை என்போம். அந்தப் பட்டம் அவருக்கு ஏன் வந்தது என்பது பிறகு. முதலில் நான் அவரிடம் போய்ச் சேர்ந்த கதை.

இரண்டாயிரத்துச் சொச்சம். அந்தக் குளிர்காலத்தின் பாதியை ஒரு நண்பனின் வான் வண்டிக்குள் படுத்துக் கழித்திருந்தேன். வான் விற்றுப் போனதால் அறை தேடவேண்டி வந்தது. ஒஸ்லோவின் வெஸ்ட்லியில் ஒரு அடுக்குமாடியில் பாதி அறை இருப்பதாகச் சொன்னார்கள். கதவைத் தட்டினால், முழங்கைவரை மாப் பூசிய ஒரு கட்டை மனிதர் வந்து நின்றார்.

"வாரும் தம்பி. எந்த ஊர்?"

சொன்னேன். திருப்பிக் கேட்பது மரியாதை என்பதால், "நீங்கள் அண்ணை?" என்றேன்.

"மொன்றுவல்."

எனக்குப் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி. ஆனால் குடாநாட்டின் பஸ் பாதைகள் அத்தனையும் மனப்பாடம். எனக்குத் தெரியாத ஊரா?

"அது வடமராட்சிப் பக்கமோ, தீவுப் பக்கமோ?"

"பிரான்ஸ் பக்கம். சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு வாரும்."

நடந்தது இதுதான். நோர்வேக்குக் கூட்டிப் போகிறேன் என்ற ஏஜென்சிக்காரன் அவரை ஒரு லொறியில் ஏற்றி, விடியற்காலை ஒரு வயல்வெளியில் இறக்கியிருக்கிறான். "இதுதான் நோர்வே. அந்தா தெரியுற சேர்ச்சைப் பாத்து நடவுங்கோ" என்று சொல்லிவிட்டு லொறியைத் திருப்பிவிட்டான். இவர் நடந்தார். இருபது முப்பது வீடுகள், கோதுமை வயல், திராட்சைத் தோட்டம், மாடுகள். வயல்காரரான ஒரு கமக்காரர் கூப்பிட்டுச் சூப் கொடுத்தார். சூப் முடிந்ததும் மண்வெட்டியைக் கொடுத்தார். போறணையர் மூன்று மாதம், தான் நோர்வேயில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு அங்கே வேலை செய்தார். கமக்காரரிடம் ஊக்கமாக நோர்வேஜிய மொழி படித்தார். கடைசியில் கமக்காரரின் மனைவி பள்ளிக்கூட அட்லசைக் கொண்டுவந்து விரலை வைத்துக் காட்டினபோதுதான், படித்தது பிரெஞ்சு என்று தெரிந்தது.

"பிறகு என்ன செய்தனீங்கள் அண்ணை?"

"என்ன செய்யிறது? மாடு கண்டு போடுற நேரம். விட்டிட்டு வரேலுமே? ஒரு நாலைஞ்சு வருசம் நிண்டிட்டன்."

பிறகு ஒஸ்லோ ஹவுகெட்டோவில் இருந்த தங்கை அழுது கூப்பிட்டு, ஒருவழியாக உண்மையான நோர்வேக்கு வந்தார். விமான நிலையத்தை விட்டு வெளியே வந்து, பனியைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் தங்கையிடம் சொன்ன முதல் வசனம்: "பிள்ளை, இதைவிட அந்த நோர்வே திறம்."

அவருடைய பேச்செல்லாம் மொன்றுவலின் போறணையில்தான் போய் முடியும். ஊர் நடுவில் கல்லால் கட்டியது, வயது யாருக்கும் தெரியாது, ஒருவருக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் சொந்தம். திராட்சை வெட்டு முடிகிற ஞாயிற்றுக்கிழமை அதற்குத் தீ மூட்டுவார்கள். எந்த வீடு முதலில் சுடுவது, எது அடுத்தது என்பது பாட்டன் பூட்டன் காலத்து முறை, மாறாது. பாண்கள் கலந்துபோகாமல் இருக்க ஒவ்வொரு வீடும் மாவில் தன் குறியைக் கீறும். அந்தக் குறிகளைப் போறணை வாசல் கல்லிலும் வெட்டி வைத்திருந்தார்கள். போறணைக்குப் பக்கத்து அறையில் படுத்த நம்மாளையும் ஒரு வீடாகக் கணக்கெடுத்து, ஒரு குறி சொல்லச் சொன்னார்கள். அவர் யோசிக்கவில்லை. தகப்பன் மூத்ததம்பியர் மாடுகளுக்குச் சுடுகிற குறியான 'மூ'வை எழுதிக் கொடுத்துவிட்டார். ஊர்க்காரர் அதை நத்தைப் படம் என்று நினைத்து மிகவும் மெச்சினார்களாம்.

"கடைசி வீடு நான். என்ரை முறை வரேக்கை போறணை ஆறிப்போயிருக்கோணும். ஆனா ஒரு வருசமும் ஆறேல்லை. எனக்கு முன்னுக்குச் சுட்ட மனிசி, தன்ரை திராட்சைக் கொடி விறகிலை ஒரு கட்டு எனக்கெண்டு கூடப் போட்டிட்டுத்தான் போவா. தெரியுமோ?"

எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம், அவர் அதே வேலையை வெஸ்ட்லியின் மின்னடுப்பில் செய்ய முயன்றது மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை என்றால் தீ எச்சரிக்கை மணி அடிக்கும். மாடிகள் அத்தனையிலும் இருந்து சனம், சோமாலி, பாகிஸ்தானி, நோர்வேஜியன் என்ற பேதம் இல்லாமல், செருப்போடும் போர்வையோடும் பனிக்குள் வந்து நிற்கும். கடைசியாகப் போறணையர் இறங்கி வருவார். கையில் தட்டு. 'மூ' போட்ட பாணைத் துண்டு துண்டாக வெட்டி வரிசையாகக் கொடுப்பார். முதல் இரண்டு முறையும் ஏசினார்கள். மூன்றாம் முறை ஒரு கிழவர் வெண்ணெயும் கத்தியும் கொண்டுவந்து நின்றார்.

இனிச் சங்கம். அந்தக் காலத்தில் ஒஸ்லோவில் ஊருக்கொரு சங்கம், சங்கத்துக்கொரு பிரிவினை. போறணையரும் மொன்றுவல் ஊர்ச் சங்கத்தின் ஒஸ்லோ கிளையைத் தொடங்கினார். அவர் தலைவர். பாதி அறைக்காரன் என்ற முறையில் நான் செயலாளர். பொதுக்கூட்டத்தில் இரண்டு பேரும் எதிரெதிர்க் கட்டிலில் இருந்து கைதூக்கி வாக்களிப்போம்.

அந்த வருடம் எல்லா ஊர்ச் சங்கங்களும் சேர்ந்து ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் ஒன்றுகூடல் வைத்தன. ஊருக்கொரு மேசை, மேசையில் அந்த ஊர்ப் பலகாரம். போறணையர் ஒரு மேசை கேட்டார். ஏற்பாட்டுக் கூட்டத்தின் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஐசே, வெள்ளைக்காரன்ரை ஊருக்கு இஞ்சை என்ன மேசை? உம்மடை பிறந்த ஊர்க்காரரோடை நில்லுமன்."

"பிறந்த ஊர்க்காரர் எண்டு இஞ்சை ஒருத்தரும் இல்லை. ஊரும் இப்ப இல்லை. ஆமிக் காம்ப்."

"அதுக்காக வேறை ஊரைக் களவெடுக்கிறதோ?"

மண்டபம் சிரித்தது. நானும் செயலாளர் என்பதை மறந்து சிரித்துவிட்டேன். போறணையர் சிரிக்கவில்லை.

"உம்மடை முறை வருமட்டும் அடுப்பை ஆறவிடாமல் வைச்சிருக்கிற இடம்தான் ஊர். எனக்கு அப்பிடி ஒண்டு இருக்கு."

"இருக்கெண்டு ஆர் கண்டது?"

எதைக் காட்டுவார்? பிரான்சில் கள்ளமாக நின்றவர். படம் இல்லை, பத்திரம் இல்லை. அட்லசிலும் அந்த ஊர் இல்லை, அவ்வளவு சின்னது. மேசை கிடைக்காதது அவருக்குப் பெரிதில்லை. தன் ஊரைக் கண்ட ஒருவர்கூட அந்த மண்டபத்தில் இல்லை என்பதுதான் அவரைச் சுட்டது.

ஒன்றுகூடல் அன்று நாங்கள் மண்டபத்துக்கு வெளியே, சைக்கிள் நிறுத்துகிற கூரைக்குக் கீழே மேசை போட்டோம். மூக்கு உறைந்தது. முதலில் பிள்ளைகள் வந்தார்கள், அவர்களைத் தேடித் தாய்மார் வந்தார்கள், மனைவியைத் தேடிக்கொண்டு ஏற்பாட்டுத் தலைவரும் வந்தார். ஒரு துண்டு தின்றார். இன்னொரு துண்டு தின்றார்.

"பாண் திறம்தான்," என்றார். "ஆனா ஊரை நான் நம்பமாட்டன்."

அன்றைக்குப் பிறகு போறணையர் மொன்றுவலைப் பற்றிக் கதைப்பது குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்கவில்லை. வெண்ணெய்க் கிழவர் ஒருநாள் வந்து கதவைத் தட்டி, சுகமில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்.

எனக்கு ஒரு இடத்தில் கால் தரிக்காது. பேர்கனுக்குப் போய் மீன் வெட்டினேன். அது அலுக்க, திராட்சை வெட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பிரான்சுக்குப் போனேன். போகுமுன் போறணையரிடம் சொன்னபோது, அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அங்காலை போனால் ஒருக்கா எட்டிப் பாரும்" என்றார். பிறகு, "நேரமிருந்தால்" என்றார்.

உண்மையைச் சொன்னால், நானும் பாதிதான் நம்பியிருந்தேன். வெட்டு முடிந்த ஞாயிற்றுக்கிழமை, அவர் கதைகளில் வந்த ஒரு ஆற்றையும் பாலத்தையும் விசாரித்து விசாரித்து, கடைசித் துண்டை நடந்தே போனேன். முதலில் சேர்ச் தெரிந்தது. பிறகு புகை.

சனம் நிறைய நின்றது. எனக்குப் பிரெஞ்சில் வணக்கமும் நன்றியும்தான் தெரியும். நீள மேசையில் மாக் கொட்டிக் கிடந்தது. விரலால் அந்த மாவில் 'மூ' என்று எழுதினேன்.

ஒரு கிழவி கூவின கூவலில் கோழிகள் பறந்தன. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ப் போறணை வாசல் கல்லைக் காட்டினாள். குறிகள் வரிசையாக இருந்தன. சிலுவை, கதிர், பூட்டு, கடைசியில் மூத்ததம்பியரின் மாட்டுக் குறி. கிழவி அதைத் தட்டி ஏதோ கேட்டாள். எனக்கு விளங்கவில்லை. இரண்டு விரலைத் தலையில் நத்தைக் கொம்பாக வைத்து மறுபடி கேட்டாள். விளங்கியது. சுகமாக இருக்கிறார் என்று தலையாட்டினேன். அவள் தன் பாண்களை வெளியே எடுத்துவிட்டு, ஒரு கட்டுக் கொடி விறகை உள்ளே போட்டாள். மிச்சம் பிடித்து வைத்திருந்த ஒரேயொரு மா உருண்டையில் 'மூ' கீறினாள். கொஞ்சம் கோணல்தான். வருடக்கணக்காக அவளே கீறி வருகிறாள் போலிருக்கிறது.

அங்கே நின்றே ஒஸ்லோவுக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, இருக்கு."

"என்ன இருக்கு?"

"எல்லாம் இருக்கு. உங்கடை முறைக்கு இப்பத்தான் விறகு போட்டவ."

காசு முடிந்துவிடும் என்ற பயத்தில், "மேசை தராத தலைவருக்கு நான் போன் எடுத்துச் சொல்லட்டோ?" என்று கத்தினேன்.

"வேண்டாம் தம்பி," என்றார். "அந்தாளை விடும். எனக்கே இப்ப கொஞ்ச நாளாச் சந்தேகம் வரத் தொடங்கியிருந்தது."

அதற்குப் பிறகு எத்தனையோ இடங்களில் படுத்தெழும்பிவிட்டேன். எங்கே போனாலும் நம்மாட்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: எந்த ஊர்? நான் மொன்றுவல் என்கிறேன். செயலாளரே மாற்றிச் சொன்னால் சங்கம் என்னாவது?