ஸ்டியரிங்கில் இடித்த வயிறு

திருவரங்குளம் வளைவில் ஸ்டியரிங் முக்கால் வட்டம் திரும்பியது. மீதிக் கால் வட்டத்துக்கு மலையாண்டியின் வயிறு வழிவிடவில்லை.

பஸ் நேராகப் போய் டீக்கடை வாசலில் கிடந்த பெஞ்சை முட்டிச் சாய்த்துவிட்டு நின்றது. பெஞ்சில் இருந்தவர்கள் டீயோடு குதித்து ஓடிவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு கிளாஸ் உடைந்தது, அவ்வளவுதான்.

"யோவ் டிரைவரு, கண்ணு எங்கிட்டு இருக்கு?" என்று கடைக்காரர் கத்தினார்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு," என்றாள் முன் சீட்டில் கீரைக்கட்டோடு உட்கார்ந்திருந்த பெண். "வயிறுதான் குறுக்க வந்து விழுந்திருச்சு. ஆலங்குடியில இருந்து நான் பாத்துக்கிட்டேதான வாரேன்."

பஸ் மொத்தமும் சிரித்தது. கண்டக்டர் நாகராசுவும் சிரித்தான். சிரித்துவிட்டு, இருமுவது போலக் கையை வாயில் வைத்துக்கொண்டான்.

ஆலங்குடிக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவில் அந்தத் தனியார் பஸ்ஸை வருடக்கணக்காக ஓட்டுகிறவர் மலையாண்டி. வயிறு என்று ஒன்று அவருக்கு எப்போதும் உண்டு. ஆனால் வயிற்றுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் ஒரு தேங்காய் வைக்கிற அளவு இடமும் உண்டு. பேரன் காதுகுத்துக்கு லீவு போட்டு அறந்தாங்கி போனார். போன இடத்தில் கிடாக்கறியை வஞ்சனை இல்லாமல் சாப்பிட்டார். திரும்பி வந்து டூட்டியில் ஏறினால், ஒரு வெற்றிலை வைக்க இடமில்லை.

முதலாளி தேனப்பன் திருமயம் பக்கத்துக்காரர். கோபம் வந்தால் கத்தமாட்டார், குரலைத் தாழ்த்திக்கொள்வார். அதுதான் பயம்.

"தைப்பூசம் வரைக்கும் பாப்பேன் மலையாண்டி. அதுக்குள்ள வயிறு ஸ்டியரிங்கை விட்டு வெலகணும். வெலகலைன்னா ஷெட்டுல சாவி எடுத்துக் குடுக்குற வேலைதான் ஒனக்கு."

"சாவி எடுத்துக் குடுக்கவா மொதலாளி நான் லைசென்ஸ் எடுத்தேன்?"

"பெஞ்சை முட்டுனது லைசென்ஸா, வயிறா?"

பஸ் ஓட்டாத மலையாண்டியை மலையாண்டிக்கே அடையாளம் தெரியாது. ஊரில் கல்யாணப் பத்திரிகையில்கூட 'டிரைவர்' என்று போட்டுத்தான் அவர் பேரை எழுதுவார்கள்.

டாக்டரிடம் போனார். டாக்டர் மெஷினில் ஏறச் சொன்னார், முள்ளைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். சோற்றைக் குறைக்கச் சொன்னார். சோற்றைக் குறைக்கச் சொல்வதற்கு ஒரு படிப்பு, அதற்கு ஒரு போர்டு. அந்த மெஷினையும் மலையாண்டி நம்பவில்லை. அதுவும் எவனோ முடுக்கி விட்டதுதானே.

"வயிறு ஸ்டியரிங்ல இடிக்குதா, இடிக்கலையா? அதுதான் எனக்குத் தராசு," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

வழி சொன்னவன் நாகராசுதான். போனை நீட்டினான்.

"இங்க பாருங்கண்ணே. வெள்ளைக்காரன் முதுகுல மூட்டையைக் கட்டிக்கிட்டு மாசக்கணக்குல மலை மலையா நடக்கிறான். நடக்கிறதுக்கு முன்னாடி இது, நடந்ததுக்கு அப்பறம் இது."

முதல் படத்தில் இருந்தவன் பூசணிக்காய். இரண்டாவது படத்தில் இருந்தவன் புடலங்காய்.

"ரெண்டும் ஒரே ஆளுதானாடா?"

"ஒரே ஆளுதாண்ணே. ஆனா தெருமுக்கு வரைக்கும் போயிட்டு வாரதெல்லாம் பிரயோசனம் இல்ல. நெடுந்தூரம் போகணும்."

"தூரம் எனக்குப் புதுசாடா? நாளெல்லாம் தூரம்தான் போறேன்," என்றார் மலையாண்டி. அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். டூட்டி இல்லாத நாளெல்லாம் ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டைக்கு நடை.

முதல் நாள் காலையில் ஊர் எல்லையைத் தாண்டவில்லை, பின்னால் பிரேக் சத்தம் கேட்டது.

"என்ன அண்ணே நடந்து போறீங்க? ஏறுங்க!"

"இல்லப்பா, நான் நடக்கணும்."

"நீங்க நடந்து நான் வண்டில போறதா? நாளைக்கு என் மூஞ்சில எவன் முழிப்பான்? ஏறுங்கண்ணே!"

அந்த ரூட்டில் அது சட்டம் மாதிரி. ரோட்டில் ஒரு டிரைவர் நடந்து போனால் இன்னொரு டிரைவர் தாண்டிப் போகமாட்டான். தாண்டினால் அவமரியாதை. அடுத்தடுத்து வந்த பஸ்ஸெல்லாம் நின்றது. வம்பன் ஸ்டாப்பில் கவர்மெண்ட் பஸ் கண்டக்டர் இறங்கி வந்து கையைப் பிடித்தே ஏற்றிவிட்டார். அன்றைக்கு மலையாண்டி நடந்ததைவிட மாறி மாறி ஏறி இறங்கியதுதான் அதிகம். ஏற்றிவிட்ட ஒவ்வொருவனும் டீயும் வடையும் வாங்கிக்கொடுத்தான்.

ரோடு சரிப்படாது என்று, அடுத்த முறை முந்திரிக் காட்டுக்குள் நடந்தார். அங்கே எந்த பஸ்ஸும் வராது. ஆனால் ஆடு மேய்க்கிறவன் வருவான். விடியற்காலையில், முந்திரி மரத்துக்குக் கீழே, தனியாக, குனிந்த தலையோடு, டிரைவர் மலையாண்டி போவதைப் பார்த்தேன் என்று அவன் ஊரில் போய்ச் சொன்னான். டீக்கடை பெஞ்சை முட்டிய கதை முன்னாலேயே ஊருக்குத் தெரியும். இரண்டையும் ஊர் முடிச்சுப் போட்டது.

மத்தியானம் மைத்துனன் ஆனந்தராஜ் வீட்டுக்குள் பாய்ந்து வந்து மலையாண்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அவன் கையில் நாட்டுக்கோழி துடித்துக்கொண்டிருந்தது.

"வேலை போனா மயிராச்சு மச்சான்! நாங்க இல்ல? அதுக்காக முந்திரிக் காட்டுக்கா போவாங்க?"

"டேய், நான் நடக்கப் போனேன்டா."

"எல்லாரும் அப்பிடித்தான் மச்சான் சொல்லுவாங்க. அக்கா, கோழியை அடி. மச்சான் மனசு விட்டுப் போயிருக்காரு."

சாயங்காலம் சித்தப்பா மகன் ஆட்டுக் குடலோடு வந்தான். மறுநாள் சம்பந்தி வீட்டிலிருந்து அதிரசம் வந்தது. மனைவி சொர்ணவல்லிக்கு அடுப்பை அணைக்க நேரமில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் முன்னால் சாப்பிடாமல் இருந்தால் சந்தேகம் இன்னும் கூடியது. அதனால் மலையாண்டி சாப்பிட்டுக் காட்டினார்.

"இப்பிடிப் போனா வயிறு ஸ்டியரிங்ல இடிக்காது," என்றாள் சொர்ணவல்லி. "கண்ணாடியிலதான் இடிக்கும்."

"ஒரு வழி இருக்கு," என்றார் மலையாண்டி. அவருக்கு எப்போதும் ஒரு வழி இருந்தது.

கடைக்குப் போய்ப் பச்சை வேட்டி வாங்கினார். கழுத்தில் ஒரு மாலையைப் போட்டுக்கொண்டார். தைமாதம் பச்சை வேட்டியோடு ரோட்டில் நடக்கிறவன் பழனிக்குப் போகிறவன். அவனை எந்த பஸ்ஸும் ஏற்றாது, எந்தச் சொந்தக்காரனும் கட்டிப்பிடிக்கமாட்டான்.

நினைத்தது நடந்தது. பஸ் டிரைவர்கள் ஹாரன் அடித்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். நெஞ்சை நிமிர்த்தி நடந்து வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றப் போனார்.

"கையை எடுங்க!" என்று சொர்ணவல்லி அலறினாள். "மாலை போட்டுட்டு மலைக்குப் போகாமக் கழட்டுவாகளா? சாமிக்குத்தம் ஆயிரும்!"

"நான் சாமிக்குப் போடலடி. பஸ்ஸுக்காகப் போட்டேன்."

"அதைப் பழனியில போய்ச் சாமிக்கிட்ட சொல்லிட்டுக் கழட்டுங்க."

மலையாண்டி தொடையில் தட்டினார். நல்லதாகப் போயிற்று! பழனி வரைக்கும் நடந்தால் எந்த வயிறு நிற்கும்? வெள்ளைக்காரனுக்கு இமயமலை என்றால் நமக்குப் பழனிமலை. முதலாளியிடம் லீவு கேட்டார். பாதயாத்திரைக்கு லீவு இல்லை என்று தேனப்பன் சொல்வாரா? முன்பு காதுகுத்து லீவில் ஓட்டிய அருண்குமாரையே திரும்ப வண்டிக்குப் போட்டுவிட்டு, உண்டியலுக்குக் காணிக்கையும் கொடுத்து அனுப்பினார்.

ஊர்க் கூட்டத்தோடு மலையாண்டி கிளம்பினார். பாதயாத்திரை போகிறவனுக்குக் கால் வலிக்கும் என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். தாடை வலிக்கும் என்று எவனும் சொல்லவில்லை.

வழியெல்லாம் பந்தல். பந்தலுக்குப் பந்தல் அன்னதானம். ஒரு பந்தலில் புளியோதரை, அடுத்ததில் இட்லி, அதற்கடுத்ததில் சர்க்கரைப் பொங்கல். நடுவில் சைக்கிளில் துரத்திக்கொண்டு வந்து பிஸ்கட் கொடுக்கிறான் ஒருத்தன். வேண்டாம் என்றால் அவன் முகம் செத்துப்போகிறது. அவனுக்கு என்ன வேண்டுதலோ, யார் கண்டது?

குடுமியான்மலையைத் தாண்டி ஒரு பெரிய பந்தல். நைசாக ஒதுங்கிப் போகப் பார்த்தார்.

"டிரைவரண்ணே!"

முதலாளியின் மனைவி விசாலி ஆச்சி கரண்டியோடு நின்றார். அது தேனப்பன் வீட்டுப் பந்தல்.

"வயிறு நெறஞ்சிருச்சு ஆச்சி."

"எங்க கையால சாப்பிடாமப் போனா எங்களுக்கு மனசு கேக்குமா? எலையைப் போடுங்கப்பா, நம்ம டிரைவரண்ணனுக்கு!"

வயிற்றைக் குறைக்கச் சொன்ன முதலாளியே பக்கத்தில் நின்று நெய் ஊற்றினார். "சாமி பிரசாதம் மலையாண்டி. இது ஒடம்புல ஒட்டாது," என்றார்.

மறுநாள் மலையாண்டி ஒரு வழி கண்டுபிடித்தார். கூட்டத்துக்கு முன்னால் வேகமாகப் போய்விட்டால், சமையல் முடிவதற்குள் பந்தலைத் தாண்டிவிடலாம். போனார். எல்லாப் பந்தலிலும் அப்போதுதான் அண்டாவை இறக்கியிருந்தார்கள். "மொத சாமி வந்திருச்சு!" என்று கொட்டடித்து உட்காரவைத்து, முதல் சாமிக்கு என்று இரட்டையாக வைத்தார்கள்.

சரி என்று மறுநாள் எல்லாருக்கும் கடைசியாக நடந்தார். மணப்பாறைக்கு அந்தப்பக்கம் ஒரு பந்தலில் பெஞ்சுகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். மலையாண்டிக்கு உயிர் வந்தது.

"ஐயா சாமி, வாங்க வாங்க!" என்று ஓடி வந்தார் ஒரு பெரியவர். "மிச்சத்தை எங்கிட்டுக் கொண்டு போய்க் கொட்டுறதுன்னு முழிச்சுக்கிட்டு இருந்தோம். முருகனாப் பாத்து அனுப்பியிருக்காரு. டேய், அண்டாவை இங்கிட்டுக் கொண்டா!"

பழனிக்குப் போய்ச் சேர்ந்தபோது மலையாண்டி ஒன்றைக் கவனித்தார். வேட்டியின் முடிச்சு அடிக்கடி அவிழ்ந்தது. துணி போதவில்லை. சலவை செய்து சுருங்கிவிட்டது என்று முடிவு செய்தார். மலையில் ஏறி, முருகனிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு, மாலையைக் கழற்றிவிட்டு பஸ் ஏறினார். அவர் ஒருத்தர் உட்கார, பக்கத்தில் இருந்தவர் எழுந்து நின்றுகொண்டார்.

வீட்டு வாசலில் சொர்ணவல்லி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னங்க, இப்பிடிப் பெருத்துப் போயி வந்திருக்கீக?"

"வீக்கம்," என்றார் மலையாண்டி. "அம்புட்டுத் தூரம் நடந்தா கால் வீங்காதா? கால்ல வீங்குனது மேல ஏறியிருக்கு."

"சட்டைப் பட்டன் பூட்டலையே?"

"சட்டை பழசு."

காக்கிச் சட்டையை எப்படியோ மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குக் கிளம்பினார். கும்பிட்ட கையோடு சொர்ணவல்லி வாசலிலேயே நின்றாள். மலையாண்டிக்குப் பயம் இல்லை. இவ்வளவு நடந்தவனை உடம்பு ஏமாற்றாது. பார்க்கிறவன் கண்ணும், டாக்டர் வீட்டு முள்ளும் ஏமாற்றலாம். ஸ்டியரிங் பொய் சொல்லாது.

ஷெட்டில் தேனப்பனும் நாகராசுவும் காத்திருந்தார்கள். பஸ்ஸுக்கு அடியில் மெக்கானிக் மதுரைவீரன் எதையோ தட்டிக்கொண்டிருந்தான். மலையாண்டியைப் பார்த்ததும் தேனப்பனின் முகம் விழுந்தது. மேஜை டிராயரைத் திறந்து ஷெட்டுச் சாவிக்கொத்தை எடுத்து வெளியே வைத்தார்.

"வேணாம் மலையாண்டி. ஏறிப் பாக்கவே வேணாம்."

"ஏறத்தான் வந்தேன் மொதலாளி."

ஏறினார். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. சீட்டில் உட்கார்ந்தார், மூச்சை இழுத்துப் பிடித்தார், ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

இடிக்கவில்லை.

மூச்சை விட்டார். அப்போதும் இடிக்கவில்லை. நாகராசு ஓடி வந்து வயிற்றுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தான். கை தாராளமாகப் போய் வந்தது. மலையாண்டி ஸ்டியரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பிக் காட்டினார். வெண்ணெய் மாதிரித் திரும்பியது.

"மொதலாளி, கை போகுது!" என்று நாகராசு கூவினான்.

தேனப்பன் தானே ஏறி வந்து பார்த்தார். அவர் கையும் போனது. கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பாக்கப் பெருத்த மாதிரி இருக்கு, ஆனா எளச்சிருக்கியே! என்னப்பா செஞ்ச?"

"நடந்தேன் மொதலாளி. அவ்வளவுதான். சோத்தைக் கொறைக்கச் சொன்னான் டாக்டரு. நான் ஒரு பந்தல் விடல. நல்லாச் சாப்பிடணும், நல்லா நடக்கணும். ஊளைச்சதை எல்லாம் வெளிய தெரியாம உள்ளுக்குள்ளயே கரைஞ்சிரும்."

"எனக்குச் சக்கரை இருக்கு," என்றார் தேனப்பன். சாவிக்கொத்தை எடுத்துத் திரும்ப டிராயருக்குள் போட்டார். "அடுத்த வருசம் நானும் நடக்குறேன். ஆச்சியையும் கூட்டிக்கிட்டு வாரேன். நம்ம டிரைவருங்க எல்லாரும் நடக்கணும். நீதான் முன்னாடி போகணும்."

"போயிருவோம் மொதலாளி. எந்தப் பந்தல்ல என்ன போடுவாங்கன்னு எனக்கு அத்துப்படி."

நாகராசு போனை எடுத்து, ஸ்டியரிங்கும் வயிறும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்தான். ஆலங்குடிக்கு நேரமாகிவிட்டது என்று மலையாண்டி சாவியைத் திருகி, எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு ஹாரன் அடித்தார்.

அந்தச் சத்தத்தில் பஸ்ஸுக்கு அடியிலிருந்து மதுரைவீரன் ஊர்ந்து வெளியே வந்தான். கையைத் துடைத்துக்கொண்டே டிரைவர் ஜன்னலை அண்ணாந்து பார்த்தான்.

"அண்ணே, சீட்டு இப்ப வசதியா இருக்கா? நீங்க காதுகுத்துக்குப் போனப்ப, அந்தக் கட்டையான பய அருண்குமாருக்குக் காலு எட்டலைன்னு சீட்டைக் கழட்டி முன்னாடி தள்ளி மாட்டுனேன், மாத்த மறந்தே போச்சு. நேத்துத்தான் ஞாபகம் வந்து பழைய எடத்துலயே முடுக்கி வச்சேன்."