மடியில் விழுந்த மாப்பிள்ளை

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். அத்தானைக் கேட்டதாகச் சொல்லவும். இங்கே என் பேண்ட் ஒன்றைத் தவிர எல்லோரும் நலம்.

என் மகள் ஒரு கூடைப்பந்து வீரனைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுவதாகப் போன கடிதத்தில் எழுதினேன் அல்லவா? அதையே தொழிலாக ஆடுகிறவன். "நீங்க சரின்னு சொன்னாதான்பா கல்யாணம். ஒரு தடவை வந்து பாருங்க. அவர் ஆட்டத்தையே மாத்துறவர்" என்றாள். நேற்று போனேன். முதல் வரிசையில் நாற்காலி. பஸ் டிப்போவில் முப்பது வருஷம் வண்டி உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், அதில் எத்தனை பேர் என்று எழுதிய கை சும்மா இருக்குமா? அவன் களத்தில் இறங்கிய நேரம், திரும்பி வந்த நேரம், அப்போது பலகையில் இருந்த புள்ளிகள் என்று நோட்டில் குறித்துக்கொண்டே இருந்தேன்.

என்னத்தைச் சொல்ல அக்கா. ஆள் விளக்குக் கம்பம் உயரம். கூடையில் போட்டது ஒன்றுகூட இல்லை. பந்து கைக்கு வந்தால் சூடு பட்டவன் மாதிரி உடனே அடுத்தவனிடம் கொடுத்துவிடுகிறான். மற்ற நேரமெல்லாம் பஸ் படியை மறித்து நிற்கும் பயணி மாதிரி எதிராளியின் வழியில் நிற்கிறான். பந்தைப் போடுவதெல்லாம் ஒரு சுருட்டைமுடிக்காரன், கைதட்டலும் அவனுக்கே. பொறுக்கமுடியாமல் பக்கத்து நாற்காலிக்காரரிடம், "இவர் ஏன் சார் போடவே மாட்டேங்கிறார்?" என்று கேட்டேன். "அவர் போடுற ஆள் இல்ல சார்" என்றார். அப்படியென்றால் எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று கேட்பதற்குள், கடைசி நிமிஷத்தில், கோட்டுக்கு வெளியே பறந்த பந்தைத் துரத்தி எகிறி, அதைத் தலைக்குப் பின்னால் எறிந்துவிட்டு, முழு உயரத்தோடு என் மடியில் வந்து விழுந்தான். கையில் இருந்த காபி முழுக்க பேண்ட்டில். "பட்டுடுச்சா மாமா?" என்கிறான். நான் இன்னும் சம்மதமே சொல்லவில்லை, அதற்குள் மாமா. எழுந்து துடைத்துவிட்டு நிமிர்ந்தால் கூட்டமே எழுந்து நின்று கத்துகிறது. என் பேண்ட்டைப் பார்த்துத்தான் என்று நினைத்து உட்கார்ந்துவிட்டேன்.

கைக்கு வந்ததையெல்லாம் ஊருக்குக் கொடுக்கிறவனிடம் பெண்ணை எப்படிக் கொடுப்பது? வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள்தான் பக்குவமாக எடுத்துச் சொல்லவேண்டும்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அத்தான் மாத்திரையை நேரத்துக்குப் போடட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பிரியமுள்ள தம்பி

பி.கு.: கூட்டிப் பார்க்காமல் நோட்டை மூடி எனக்குப் பழக்கமில்லை. இப்போதுதான் கூட்டினேன். அவன் உள்ளே இருந்த நேரத்தில் அவர்கள் அணி பத்தொன்பது புள்ளி முன்னே போயிருக்கிறது. வெளியே உட்கார்ந்திருந்த நேரத்தில் பதினெட்டு புள்ளி பின்னே. மூன்று தடவை சரிபார்த்தேன், அப்படியேதான் வருகிறது. ஜெயித்தது ஒரே ஒரு புள்ளியில். என் மடியில் விழுமுன் அவன் எறிந்த அந்தப் பந்துதான் சுருட்டைமுடிக்காரன் கைக்குப் போய்க் கடைசிக் கூடை ஆனதாம். மகளிடம் இப்போதே சரி சொல்லிவிட்டேன். அழுதுகொண்டே சிரித்தாள், எனக்கும் கண் கலங்கிவிட்டது. தபால்தலை ஒட்டிவிட்டதால் கடிதத்தைக் கிழிக்க மனசு வரவில்லை. மேலே உள்ள எதையும் படிக்காதீர்கள். அடுத்த ஆட்டத்துக்கும் அதே நாற்காலியைக் கேட்டிருக்கிறேன். பழைய பேண்ட்டில் போவேன்.